திகில் லார்ப் ஆட்டத்தில் மந்திரவாதியும் வேட்டைக்காரரும்: ஒரு சென்னை அனுபவம்

பாத்திரமாகவே மாறி நடித்து ஆடும் திகில் வகை லார்ப் ஆட்டத்திற்குப் புதிதாக வருபவர்களிடம் எந்தப் பாத்திரம் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் இரத்தக் காட்டேரி என்பார்கள். சிலர் ஓநாய் மனிதன் என்பார்கள். சாதாரண மனிதராக ஆடுகிறீர்களா என்று கேட்டால் முகம் வாடிவிடும். சென்னையில் நண்பர்களுடன் சில ஆண்டுகளாக இந்த ஆட்டங்களை ஆடியும் நடத்தியும் வருபவன் என்ற முறையில், என் கட்சி இதற்கு நேர் எதிரானது. இந்த ஆட்டத்தில் உண்மையான பயமும் உண்மையான நடிப்பும் மனிதப் பாத்திரங்களிடம்தான் இருக்கின்றன. ஆனால் அந்த மனிதரின் வலிமையை விதித்தாளில் எழுதி வைத்தால் போதாது. அவர் செலவழிக்கும் நேரமும் கொடுக்கும் விலையும் சுற்றியிருப்பவர்களின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்கள் குழு கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தது.

லார்ப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவதற்குப் பதிலாக, ஆட்டக்காரர்கள் தத்தம் பாத்திரமாகவே நடந்தும் பேசியும் ஒரு கதையை நடத்துவார்கள். வசனம் முன்கூட்டி எழுதப்படுவதில்லை; பார்வையாளரும் கிடையாது. கதையின் சூழலைக் கட்டி, பேய்களையும் வழிப்போக்கர்களையும் இயக்கி, சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்பவர் கதைசொல்லி. திகில் வகையில் இதைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஒயிட் உல்ஃப் நிறுவனம். அது 1991இல் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ ஆட்டத்தை வெளியிட்டது, 1993இல் ‘மைண்ட்ஸ் ஐ தியேட்டர்’ என்ற வரிசையில் நேரடி நடிப்புக்கான விதிகளைக் கொண்டுவந்தது. காட்டேரிகளை வேட்டையாடும் சாதாரண மனிதர்களுக்கான துணைநூல் 1992லேயே வந்துவிட்டது. 1999இல் வந்த ‘ஹண்டர்: தி ரெக்கனிங்’ வேட்டைக்காரர்களையே கதையின் நாயகர்களாக்கியது. எனவே மனிதராக ஆடுவது ஏதோ நாங்கள் கண்டுபிடித்த புதுமையன்று. அந்த உலகத்துக்குள்ளேயே இருக்கும், அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு வாசல்.

நாங்கள் அந்த வாசல் வழியே நுழைந்ததற்குச் சென்னையும் ஒரு காரணம். ‘இளவரசர்’ என்ற பட்டத்துடன் கறுப்புக் கோட்டு அணிந்து ஒரு நகரத்தையே ஆளும் காட்டேரியை, மே மாதத்து மாம்பலத்தில், வியர்வை வழிய நடிப்பது எத்தனை தேர்ந்த நடிகருக்கும் கடினம். ஒரு மின்வாரிய லைன்மேனை நடிக்கச் சொல்லுங்கள், அவர் அரை நிமிடத்தில் உயிர்பெற்று நிற்பார். எந்த வீட்டு மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் கேன் போடுபவர் ஒவ்வொரு வீட்டின் உள்வாசல் வரை போய் வருகிறார். மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் தண்ணீர் வாங்குவதை எப்போது நிறுத்தினார்கள் என்பதை அவர்தான் முதலில் கவனிப்பார். அரசு மருத்துவமனைப் பிணவறை ஊழியர், சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுபவர், இரவு நேர ஆட்டோ ஓட்டுநர் என்று எங்கள் வேட்டைக்காரர்கள் எல்லோருமே ஊரின் இண்டு இடுக்கெல்லாம் அறிந்தவர்கள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தொழிலைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தொழிலால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு செய்தியைக் கதைசொல்லியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்திரம் எழுதுபவர் பாத்திரத்தால் ஒரு கதையே திசை மாறியது. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட வீட்டுக்கு மற்றவர்கள் டார்ச் விளக்கோடு ஓடிக்கொண்டிருக்க, அவர் வில்லங்கச் சான்றிதழ் வேண்டும் என்றார். கதைசொல்லி அதை எதிர்பார்த்தே தயாரித்து வைத்திருந்தார். ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று கட்டம் கட்டிய தாளில், அந்த வீடு கொஞ்ச காலத்துக்குள் கைமாறிக்கொண்டே வந்தது பதிவாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிரயப் பத்திர நகல்களைக் கேட்டார். ஒரு தலைமுறை இடைவெளியில் நடந்த இரண்டு கிரயங்களிலும் சாட்சிக் கையெழுத்து ஒரே கோணலோடு, ஒரே ‘ழ’கரத்தின் வாலோடு இருந்ததை அவர் விரலால் தொட்டுக் காட்டியபோது, அறையில் இருந்த யாரும் பேசவில்லை. முகத்தில் சாயம் பூசிய பேய் எதுவும் அன்று அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. இதற்கு ஆன செலவு சில ஜெராக்ஸ் தாள்களும், தாளைப் பழையதாகக் காட்ட ஒரு குவளை டீத்தண்ணீரும்தான்.

கதையை 1990களின் நடுப்பகுதியில் வைப்பது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு. கைப்பேசி இன்னும் பரவாத காலம் என்பதால், ஆளுக்கு ஆள் பிரிந்து போனால் உண்மையாகவே தொடர்பு அறுந்துவிடும். ஆனால் காலத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது பாத்திரங்களையும் சரிபார்க்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு 2008இல்தான் வந்தது. அதில் பணியாற்றுபவராக ஆட விரும்பிய தோழியின் பாத்திரம் பிணவறைக்கு மாறியது அப்படித்தான். அந்த மாற்றம் கதைக்கு நல்லதாகவே முடிந்தது.

இனி மந்திரவாதி. ஒயிட் உல்ஃபின் ஆட்ட உலகில் பெரும் மாயாவிகளுக்கும் சாதாரண மனித மந்திரவாதிகளுக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. மனித மந்திரவாதி கற்றுக்கொண்ட ஓரிரு குறுகிய வித்தைகளை மட்டுமே, முறைப்படி, பொறுமையாகச் செய்ய முடியும். இதைத் தமிழில் அமைக்க எங்களுக்கு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என்று நம் மாந்திரீக மரபு வகுத்திருக்கும் அட்ட கருமங்களே கச்சிதமான எட்டு வழிகளாக அமைந்துவிட்டன. ஒருவருக்கு இரண்டு வழிகளுக்கு மேல் கிடையாது என்பது எங்கள் விதி. அவற்றில் மாரணத்தையும் வசியத்தையும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை. கொல்லும் வித்தையான மாரணம் ஒருவரின் மாலைப்பொழுதையே ஒரு சொல்லில் முடித்துவிடும். வசியமோ எதிரில் நிற்பவர் தன் பாத்திரத்தின் மனத்தைத் தானே நடத்தும் உரிமையைப் பறிக்கிறது. விளையாட்டாகவும் அது எனக்கு ஒப்பவில்லை. மிஞ்சியவற்றில் கதைக்குச் சோறு போடுவது வித்துவேடணம். இருவருக்கிடையே பகையை மூட்டும் அந்த வித்தையை யார் யார்மேல் ஏவினார்கள் என்று தெரியாத நிலையில், நெடுநாள் நண்பர்களான இரு வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்குவார்கள்.

மந்திரத்தை வாயால் அறிவித்துவிட்டு நகர்ந்தால் அது வெறும் கணக்கு. எனவே ஒவ்வொரு வித்தைக்கும் குறைந்தது ஐந்து நிமிடம் கையால் செய்யும் வேலை இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்த ஐந்து நிமிடமும் வேட்டைக்காரர்கள் கதவைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். பதற்றம் தானாக வந்துவிடும். எங்களிடம் நன்றாக எடுபட்ட ஒரு பொருளைச் சொல்கிறேன். மஞ்சள்தூளைக் கைகழுவும் சானிடைசரில் கரைத்து, வெள்ளைத் தாளில் தடவி, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் முழுவதுமாக உலர விடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் ஒரு சிறு புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குத் திரியை அதில் நனைத்து மஞ்சள் தாளில் எழுதினால், எழுத்து செக்கச் செவேலென்று இரத்தம் போல எழும். ஆரத்தித் தட்டில் நடக்கும் அதே வேதியியல்தான்: மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். ஆகவே மந்திரக் கட்டை அவிழ்க்க வேண்டிய கட்டத்தில் மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்து அதே எழுத்தின்மேல் பிழிகிறார். சிவப்பு எல்லோர் கண்ணெதிரிலும் அழிகிறது. ஆரத்தி பார்த்தே வளர்ந்தவர்களும் அந்த அரையிருட்டில் ஒரு கணம் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது என்பதையும், மஞ்சள் கறை வாடகை மண்டபத்துச் சுவரில் ஏறினால் முன்பணம் திரும்பாது என்பதையும் மறக்க வேண்டாம்.

விலையைப் பற்றி மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக யோசித்திருக்கிறோம். விதித்தாளில் உள்ள மனஉறுதிப் புள்ளி ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யாருக்கும் வலிப்பதில்லை. அதனால் மந்திரவாதியாக ஆடுபவர் ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து அட்டைகளில் தன் பாத்திரம் நேசிக்கும் ஐந்தை எழுதுகிறார். ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் அட்டையைக் கிழித்துக் கதைசொல்லியிடம் கொடுக்க வேண்டும்; அதன்பின் அது இல்லாதவராகவே ஆட வேண்டும். ‘சாப்பாட்டின் ருசி’ என்ற அட்டையைக் கிழித்த ஒருவர், இடைவேளையில் வந்த பிரியாணியைக் காகிதத்தை மெல்வது போல மென்று முடித்தார். இன்னொருவர் ஆவியை விரட்டும் உச்சாடனத்திற்காக ‘அம்மாவின் குரல்’ அட்டையைக் கிழித்தார். சற்று நேரத்தில் பழைய இன்டர்காம் போன் மணி அடித்தது. பக்கத்து அறையிலிருந்து கதைசொல்லியின் மனைவி பேசினார்.

“டேய், நான் அம்மா பேசுறேன்டா. சாப்பிட்டியா?”

அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். “சாரிங்க, ராங் நம்பர்” என்று சொல்லிவிட்டு வைத்தார். போனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த லைன்மேன் பாத்திரம் செய்தவர், எப்போதும் நகைச்சுவை பேசுபவர், அன்று முழுவதும் அவரை விட்டு நகரவில்லை.

வேட்டைக்காரரும் மந்திரவாதியும் ஒரே குழுவில் இருப்பது ஏன் இத்தனை சுவையாக இருக்கிறது என்பதற்கும் இந்த விலையே காரணம். அமானுஷ்யம் எதுவானாலும் அழிக்க வேண்டும் என்பவர் வேட்டைக்காரர். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஆவியை ஓட்ட அவருக்கு உச்சாடனம் தெரிந்த ஒருவர் தேவை. ஐந்தாவது அட்டையையும் கிழித்துவிட்ட மந்திரவாதி இன்னும் மனிதர்தானா, அல்லது அடுத்து வேட்டையாடப்பட வேண்டியவரா? எங்கள் விதிகளில் இதற்கு விடை எழுதப்படவில்லை. குழுவே முடிவு செய்ய வேண்டும். கதைசொல்லியாக இருப்பவர்கள் இங்கே அவசரப்பட்டுப் புதிய பேயை உள்ளே அனுப்பிவிடக் கூடாது. நான்கு பேர் குரலைத் தாழ்த்தி வாதாடிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம்தான் அன்றைய ஆட்டமே. பேய் காத்திருக்கட்டும்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாக. மைண்ட்ஸ் ஐ தியேட்டரில் மோதல்களைக் கல், காகிதம், கத்தரி கொண்டு தீர்ப்பார்கள். பகடை தேடி ஓட வேண்டியதில்லை. இருவர் மோதலுக்கு அதையே வைத்துக்கொண்டோம். பலர் நிற்கும் அறையில் ஆவி யாரைப் பற்றுகிறது என்று முடிவு செய்ய மட்டும் சா பூ த்ரீ போடுகிறோம். உள்ளங்கை, புறங்கை என்று தனித்து நிற்கும் கை யாருடையதோ அவரைத்தான் ஆவி பிடிக்கும். சிறு வயதில் தெருவில் போட்ட அதே சத்தத்தை இருட்டில் தணிந்த குரலில் போடும்போது அது எப்படியோ கொடூரமாக மாறிவிடுகிறது. இன்னொரு விதியை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. கைகளை மார்பின் குறுக்கே கட்டியிருந்தால் அந்தப் பாத்திரம் கண்ணுக்குத் தெரியாது என்பது அந்த மரபின் அடையாளம். நம் ஊரில் பெரியவர் முன் கைகட்டி நிற்பது பணிவு. பண்ணையார் முன்னால் பணிவாக நின்ற காவலாளி பாத்திரத்தை, மறைந்து நிற்கும் ஆவி என்று எண்ணி எல்லோரும் கண்டுகொள்ளாமல் கடந்து போனார்கள். அவரும் பாவம், கேட்ட கேள்விக்கு ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று தெரியாமல் வெகுநேரம் விழித்தார். இப்போது மறைந்திருப்பவர் உச்சந்தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதே இல்லை. நார்டிக் நாடுகளின் லார்ப் மரபில் ‘கட்’ என்றால் ஆட்டம் உடனே நிற்க வேண்டும்; ‘பிரேக்’ என்றால் வேகம் குறைய வேண்டும். திகில் ஆட்டத்தில் ‘நிறுத்து’, ‘வேண்டாம்’, ‘விடு’ என்பவை எல்லாம் பாத்திரமே அலறக்கூடிய சொற்கள் என்பதால் அவை பயன்படா. ‘கட்’ என்றால் எங்கள் ஆட்களுக்குச் சினிமா நினைவு வந்து சிரிப்பு வந்துவிடுகிறது. எனவே பிள்ளை விளையாட்டில் ஓடிக் களைத்தவர்கள் சொல்லும் ‘அம்பேல்’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டோம். யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல், அறை முழுவதும் நின்றுவிடும்.

இந்தச் சொல் அதிகம் தேவைப்படுவது ஆவி புகுந்ததாக நடிக்கும் காட்சிகளில். நம்மில் பலர் கோயில் கொடையில் உறவினர் சாமியாடுவதை நேரில் பார்த்து வளர்ந்தவர்கள். உடுக்கைச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் நடிப்பு எங்கே முடிகிறது என்பது சிலருக்குக் குழம்பலாம். அதனால் உடுக்கை ஒலியைப் பின்னணியில் போடுவதில்லை. கும்பிடும் தெய்வத்தின் பெயரையோ, உண்மையான மந்திரத்தையோ, விபூதியையோ பயன்படுத்துவதில்லை. வட்டம் போட அரிசிமாவும், உச்சரிக்க நாங்களே கட்டிய பொருளற்ற அடுக்குச் சொற்களும் போதும். இன்னொன்றும் உண்டு. மாந்திரீகம் என்றதும் மலையிலிருந்து வந்தவர், குடுகுடுப்பைக்காரர், குறி சொல்பவர் என்று ஒரு சமூகத்தாரின் வேடத்தைக் கையிலெடுக்கும் பழக்கம் நம் சினிமாவால் ஊறியிருக்கிறது. எங்கள் மந்திரவாதிகளில் ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இன்னொருவர் சாலிகிராமத்தில் டப்பிங் பேசுபவர். அதுதான் கூடுதல் பயம் தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடம் கிடைப்பது சென்னையில் பெரும்பாடு. பேய்க்கதைகளுக்குப் பேர்போன ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியிலோ அடையாறு உடைந்த பாலத்திலோ போய் ஆடலாம் என்று ஒவ்வொரு புதியவரும் யோசனை சொல்வார். கூடாது. அவை மக்கள் வாழும், மீனவர் தொழில் செய்யும் பகுதிகள். நள்ளிரவில் கூச்சலிட்டு ஓடும் ஒரு கும்பலை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடித்து அடுக்குமாடி கட்டக் காத்திருக்கும் பழைய தனி வீடுகள்தான் எங்களுக்குச் சரிப்பட்டு வந்தன. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பகல் வெளிச்சத்தில் படிக்கட்டு, மாடிக் கைப்பிடிச்சுவர், தொங்கும் ஒயர்கள், மூடியில்லாத கிணறு அல்லது சம்ப் எல்லாவற்றையும் பார்த்து, ஆபத்தான அறைகளைக் கயிறு கட்டி அடைத்த பிறகே ஆட்டம். கற்பூரமும் தீப்பந்தமும் கிடையாது. பேட்டரி விளக்குகள் மட்டும். கத்தி, அரிவாள், துப்பாக்கி எல்லாம் பெயர் எழுதிய அட்டைகளே. தீபாவளித் துப்பாக்கியைக்கூட வாசலுக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி சட்டப்படியே கூடாது என்பதால் ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம். மழைக்காலம் ஓய்ந்த தை, மாசி மாதங்கள் உத்தமம். பக்கத்து வீட்டாரிடமும் தெருக் காவலாளியிடமும் முதல் நாளே நாடக ஒத்திகை என்று சொல்லி வையுங்கள். அப்படியும் யாராவது வாசலில் வந்து “என்ன சார், ஷூட்டிங்கா? ஹீரோ யாரு?” என்று கேட்கத்தான் செய்வார்கள்.

கடைசியாக, பாத்திரத்தின் சாவு. காட்டேரி ஆட்டங்களில் சாவு அரிது. மனிதர் ஆட்டத்தில் அது ஏழரை மணிக்கே வந்துவிடலாம். இறந்தவரை ஓரமாக உட்கார வைத்தால் அவர் கைப்பேசியைத் தேடிப் போய்விடுவார். நாங்கள் அவரைக் கதைசொல்லியின் பக்கம் இழுத்துக்கொண்டு, உயிரோடு இருந்தபோது பாத்திரம் அறிந்திருந்த இரகசியங்களோடு ஆவியாகத் திருப்பி அனுப்புகிறோம். பழைய கூட்டாளிகளை எங்கே தட்டினால் வலிக்கும் என்பது அவருக்குத்தானே தெரியும். அவர் விட்டுச் செல்லும் பொருள் அட்டைகள் யாருக்குப் போகும் என்பதை மட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் குழுவில் நடந்த மிக உக்கிரமான சண்டை எந்தப் பேயோடும் இல்லை. செத்துப்போன ஆட்டோ ஓட்டுநரின் வண்டிச் சாவிக்காக மூன்று வேட்டைக்காரர்கள் போட்டதுதான்.